திரிந்துபோன சீரம்

என் தங்கச்சி புருஷனுக்கு ஆஸ்பத்திரியில் பம்பரம் என்று பேர். நாய், பூனை பார்க்கிற ஆஸ்பத்திரி. அவன் கம்பவுண்டர், நான் மிருகங்களை அமுக்கிப் பிடிக்கிற ஆள். பதினெட்டு வருஷத்தில் அவன் ஒரு டீயை உட்கார்ந்து குடித்து நான் பார்த்ததில்லை.

அன்றைக்குப் பக்கத்துத் தெருத் தையற்காரம்மா ஒரு நாய்க்குட்டியைக் கூடையில் கொண்டுவந்தாள். கூடப்பிறந்த இரண்டும் பார்வோ நோயில் ரத்தமாய்க் கழிந்து செத்துவிட்டன. இதற்குக் காலையில்தான் வாந்தி தொடங்கியிருக்கிறது. ஃப்ரீசரில் ஒரே ஒரு பாட்டில் சீரம் இருந்தது. அந்த நோயில் பிழைத்த நாயின் ரத்தத்தில் நோயை எதிர்க்கிற சத்து இருக்கும். ரத்தம் உறைந்தபின் மேலே தெளிகிற மஞ்சள் நீர்தான் சீரம். நோய் முற்றுவதற்குள் போட்டால்தான் பிரயோஜனம்.

உறைந்த பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் மெல்ல இளக்க வேண்டும். இவனுக்கு எங்கே பொறுமை? கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டான். வெந்த முட்டை மாதிரி திரிந்துபோனது.

"கெடுத்துட்டேன் மச்சான்."

மறைக்கவில்லை. நேரே டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினான். அவர் திட்டக்கூட இல்லை. "உங்க வீட்டு மூக்கனைக் கூட்டிட்டு வாங்க" என்றார். மூக்கன் போன வருஷம் இதே நோயில் செத்துப் பிழைத்த நாய்.

பத்து நிமிஷத்தில் வண்டியில் கொண்டுவந்து இறக்கினான். நான் பிடிக்க, டாக்டரம்மா கழுத்தில் ரத்தம் எடுத்தார்.

"ஒரு மணி நேரம் உறையட்டும். குழாயை யாரும் அசைக்கக் கூடாது. முக்கியமா இவரைக் கிட்ட விடாதீங்க."

குட்டி மறுபடி வாந்தி எடுத்தது. பம்பரம் எழுந்து நடக்க ஆரம்பித்தான்.

"உட்காரு மாப்ள."

"ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டு வரேன்."

"நீ பார்த்தா சீக்கிரம் உறைஞ்சிடுமா?"

"அண்ணே, நீங்க நடக்க நடக்க குட்டி மிரளுது" என்றாள் தையற்காரம்மா.

அப்புறம்தான் உட்கார்ந்தான். முழங்கால் மட்டும் தையல் மிஷின் மிதிக்கிற மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது.

உறைந்ததும் குழாயை மிஷினில் சுற்றவிட்டு, சீரத்தைப் பிரித்து, குட்டிக்கு ஊசி போட்டார்கள். மறுநாள் மத்தியானம் அது நக்கின தண்ணீர் வயிற்றிலேயே நின்றது.

"பிழைச்சுக்கும்தானே?" என்று கேட்டான் பம்பரம்.

"இன்னும் மூணு நாள் தாண்டணும்" என்றார் டாக்டரம்மா.

"மூணு நாளா" என்று முனகினான். ஸ்டூலைக் கூண்டுக்கு முன்னால் இழுத்துப் போட்டான். உட்காரவில்லை, ஒரு காலைத் தூக்கி அதன்மேல் வைத்துக்கொண்டான்.

மூன்று நாளும் தாண்டி, நாலாம் நாள் காலையில் குட்டி அவன் விரலைப் பிடித்துக் கடித்தது. லேசாகத் தோல் கிழிந்து ரத்தம் கசிந்தது. அதைத் துடைக்காமல் தையற்காரம்மாவுக்குப் போன் போட்டு, "வந்து கூட்டிட்டுப் போங்கம்மா, நல்லாவே கடிக்குது" என்றான்.