பூகம்பம் இல்லாமல் ஆடிய புள்ளி

சத்தியமாக நடந்தது. நம்பாதவர்கள் குவீன்ஸ்டவுனுக்குப் போய் பிரிஜட்டையே கேட்கலாம். கதவைத் திறப்பாளா என்பது வேறு விஷயம்.

1984. சிராங்கூன் சாலையில் ஒரு பொறியியல் ஆபீஸ். சுமத்ராவில் பூகம்பம் வந்தால், கடலைத் தூர்த்து உண்டாக்கிய நம் நிலம் எப்படி ஆடும்? அதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் படமாக்குவது பிரிஜட்டின் வேலை. நிலத்தில் தோண்டிய ஒவ்வொரு சோதனைக் குழிக்கும் திரையில் ஒரு பச்சைப் புள்ளி. உண்மையான ஆட்டம் நூலிழைதான், கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஆயிரம் மடங்கு பெருக்கிக் காட்டுவார்கள்.

குழி தோண்டும் ஆட்களை மேய்க்கும் மண்டோர், அவள் புருஷன் அலெக்சாண்டர். திங்கட்கிழமை வேலைக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. "பாலம் தாண்டி ஜொகூர்ல எவளோடயோ இருக்கான் லா" என்று ஆபீஸே சிரித்தது. கட்டியவளும் அதை நம்பிவிட்டாள், பாவி! கல்யாணப் போட்டோவைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம். மேனேஜர் முகைதீன் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பிரிஜட் பூகம்பத்தை ஓட்டிப் பார்த்தாள். புள்ளிகள் ஆடின, அடங்கின.

ஓரத்துப் புள்ளி மட்டும் அடங்கவில்லை.

பூகம்பத்தைப் பூஜ்யமாக்கி மறுபடி ஓட்டினாள். அது மட்டும்... மேலே. கீழே. மேலே. கீழே.

டக்... டக்...

காலடியில், தரைக்குள்ளிருந்து.

"சார், பூகம்பமே இல்ல. இது ஆடுது."

"கணக்குல பிசகு லா. பெருக்கிக் காட்டினா பிசகும் பெருசாத்தான் தெரியும். பெருக்கத்தைக் குறைச்சுடு. மண்டே கிளையன்ட் வர்றாங்க."

"அவரு கடைசியா தோண்டின குழி சார் அது..."

"ஓடிப்போனவன் பேச்சு இன்னும் எதுக்கும்மா?"

சுருக்கென்று தைத்தது. ஆத்திரத்தில் பெருக்கத்தை எடுத்தே விட்டாள்.

புள்ளி நின்றது.

சத்தம் மட்டும்... மெல்ல... மெல்ல ஓய்ந்தது.

அடுத்த மாதம் அந்த இடத்தில் அஸ்திவாரம் தோண்டினார்கள். மண்ணுக்கடியில், குழிச் சுவருக்கு முட்டுக் கொடுத்த பலகைகள். குழி மழையில் சரிந்திருக்கிறது. எவனோ எட்டிக்கூடப் பார்க்காமல் புல்டோசரை விட்டு மூடியிருக்கிறான். பலகைகளுக்குக் கீழே ஓர் ஆள் குந்தி உட்காரும் அளவுக்கு இடம். அங்கே அலெக்சாண்டர்.

சிரித்த ஆபீஸ் மலர்வளையம் அனுப்பியது. தூ!

போலீஸ் அவனுடைய கைக்கடிகாரத்தைக் கொடுத்தது. சாவி கொடுக்க வேண்டாத ரகம். கை அசையும்வரை ஓடும். அசைவு நின்றால் மறுநாள் நின்றுவிடும்.

கிழமை காட்டும் சின்னக் கட்டத்தைப் பிரிஜட் பார்த்தாள்.

சனி.