கடம்பு இல்லை

நியூஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் வீட்டின் பின்புறம், மழைத்தண்ணீர் தேங்கும் மூலையில் ஒரு புதர் இருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு அங்கே ஷெட் போட வேண்டும் என்பது என் கணவரின் நெடுநாள் ஆசை. நான் விடவில்லை. ஜூலையில் அது வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். ஒவ்வொரு பூவும் குண்டூசிகள் குத்திவைத்த சின்னப் பந்துபோல் இருக்கும். தேனீக்கள் மொய்த்துக் கிடக்கும்.

பக்கத்துத் தெரு ஆன்ட்டி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார். "இது கடம்பும்மா. முருகனே உங்க பேக்யார்டுல வந்து நிக்கிறான்" என்றார். என் கணவர் அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஷெட் பேச்சு அன்றோடு நின்றது.

ஆனால் ஆன்ட்டி எடுத்த படம் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போயிற்று. செவ்வாய்தோறும் பூப்பறிக்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பெல் அடிப்பதெல்லாம் கிடையாது. பக்கவாட்டு கேட்டைத் திறந்துகொண்டு, கையில் கவரோடு நேரே உள்ளே வருவார்கள். ஒருவர் கிளையையே முறித்துக்கொண்டு போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முருகன் கேட்டானா கிளையை?

செடியைப் படம் பிடித்தால் பெயர் சொல்லும் ஆப் ஒன்றில் பார்த்தேன். பட்டன்புஷ் என்றது. அதை மட்டும் நம்பாமல் நானே உட்கார்ந்து படித்தேன். கடம்பு பெரிய மரம், பூ மஞ்சள். இது என் உயரம்கூட இல்லை, பூ வெள்ளை, பல கணுக்களில் மூன்று மூன்று இலைகள். நியூஜெர்சிப் பனியைக் கடம்பு ஒரு வருஷம் தாங்குமா? இது தாங்கும், ஏனென்றால் இந்த மண்ணிலேயே பிறந்தது. கடம்புக்குத் தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் குரூப்பில் எழுதிப் போட்டேன். அடுத்த செவ்வாய் ஒருவரும் வரவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை கடைக்குப் போய்த் திரும்பியபோது மூலை வெறிச்சென்று கிடந்தது. புல் வெட்ட வந்தவர்களை வைத்தே என் கணவர் புதரை வேரோடு எடுத்திருந்தார்.

"நீதானே கடம்பு இல்லன்னு ப்ரூவ் பண்ணின? வெறும் காட்டுச் செடிதானே" என்றார்.

இந்த ஊரில் நம்மைவிட அதற்குத்தான் உரிமை அதிகம் என்று கத்தினேன். அவர் ஷெட்டுக்கு அளவெடுக்க டேப்பின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

அவர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம்தான் இன்னும் ஆறவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், அது இந்த ஜூலையிலும் கடம்பாகவே பூத்திருக்கும்.