குனிகிற வேலை

மானாம்பதி ரோட்டில் ஓர் ஆடு குறுக்கே ஓடியது. என் வீட்டுக்காரர் பிரேக் பிடித்தார். வண்டியில் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்திருந்த நான் விழுந்தேன். பின்மண்டை தார் ரோட்டில் மோதியது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் நடந்தது எதுவும் எனக்கு நினைவில்லை. "வூட்டைப் பூட்டிக்கினு வந்தமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தேனாம்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து ரத்தக்கசிவு இல்லை என்றார்கள். மூளை குலுங்கியிருக்கிறது, முதலில் ஓய்வு, பிறகு மெதுவாக நடக்கலாம் என்றார் டாக்டரம்மா. தலைவலியோ கிறுகிறுப்போ கூடினால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

"நடவுக்குப் போலாமா?" என்றேன்.

"குனியற வேலையெல்லாம் கடைசியிலதான்."

நடவில் குனியாத வேலை எது?

ஏரிக் கால்வாய்க் கரையில் காலையில் நடந்தேன். வீட்டுக்காரர் வண்டியை எடுக்காமல் கூடவே நடந்து வந்தார். பஸ் ஹாரன் கேட்டாலே மண்டைக்குள் இடித்தது. ஆனால் வெளியே கட்டும் இல்லை, தையலும் இல்லை. பார்த்தவர்கள் "நல்லாத்தான கீறே" என்றார்கள். கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்தது, உடம்பு வளையாமல்தான் உட்கார்ந்திருக்கிறேனோ என்று.

தலைவலி சற்று விட்டதும், யாரிடமும் சொல்லாமல் நடவு ஆட்களோடு சேற்றில் இறங்கிவிட்டேன். முதல் நாற்று முடியை நட்டு முடிக்கும்வரை ஒன்றும் தெரியவில்லை. பிறகு தண்ணீரில் வெயில் பளீரென்றது, வரப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்படியே சேற்றில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். சறுக்கிவிட்டேன் என்று நினைத்து யாரோ சிரித்தார்கள். ஆட்களைக் கூட்டி வரும் அக்கா மட்டும் நட்டுக்கொண்டிருந்ததை விட்டுவிட்டுக் கிட்டே வந்தார்.

"இன்னாமே, தல சுத்துதா?"

"இல்லக்கா, வழுக்கிடுச்சி."

"வழுக்கினா வாந்தி வருமா?"

என் கையிலிருந்த நாற்றை வாங்கிக்கொண்டு வேப்ப மரத்தடிக்கு அனுப்பினார். எனக்கு அவமானமாக இருந்தது. கூடவே, இது சோம்பல் இல்லை என்று தெரிந்ததில் ஒரு நிம்மதியும் இருந்தது.

மறுபடியும் நடையிலிருந்து தொடங்கினேன். நடை சரிப்பட்ட பிறகு துடைப்பத்தை எடுத்து வாசலில் ஒரு மூலையை மட்டும் குனிந்து பெருக்கினேன். வலி இல்லாத நாட்களில் இன்னும் கொஞ்சம். எங்கள் வாசல் போதாமல் பக்கத்து வாசலுக்கும் போனேன்.

"எங்க வூட்டு வாசலையும் பெருக்கிக்கினு கீறியே, இன்னா விசேஷம்?" என்றாள் அந்த வீட்டுக்காரி.

"பழகிக்கினு கீறேன்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நடவு முடிந்து களை எடுப்பு வந்தபோது நானே அக்காவிடம் போய், "வரட்டுமாக்கா?" என்று கேட்டேன். வரப்பை ஒட்டிய ஓரத்தில் என்னை விட்டார். அடிக்கடி நிமிர்ந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. மதியத்துக்கு முன்பே தலை கனத்தது. இந்த முறை விழும்வரை காத்திருக்காமல் வரப்பேறி உட்கார்ந்தேன்.

"வூட்டுக்குப் போறியா?" என்று அக்கா வயலிலிருந்து குரல் கொடுத்தார்.

"இல்லக்கா. செத்த நேரம் கழிச்சி எறங்கறேன்."

திரும்ப இறங்கியபோது என் பங்கில் மிச்சமிருந்த களையை மற்றவர்கள் எடுத்து முடித்திருந்தார்கள். அடுத்த பாத்தியில் குனிந்தேன்.