லென்ஸில் பூஞ்சை என்றார்கள்

என் வீட்டுக்காரர் என்னிடம் எதற்கும் வேண்டாம் என்று சொன்னதில்லை. புதுக்கோட்டையில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் அவருக்கு அப்படி ஒரு பெயர். பக்கத்து வீட்டுக்காரி தன் புருஷனிடம் சண்டை போடும்போதெல்லாம், "டீச்சர் வீட்டுக்காரரப் பாத்துக் கத்துக்கங்க" என்பாள். காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி அது என் காதில் விழும். பொய் சொல்வானேன், பெருமையாகத்தான் இருக்கும்.

நான் அறிவியல் டீச்சர். நார்த்தாமலையைத் தாண்டி உள்ளே ஒரு ஊரில் பள்ளிக்கூடம். அதற்குப் பின்னால் கண்மாய். தண்ணீர் நிற்கும் மாதங்களில் நத்தைகுத்தி நாரைகள் வந்து இறங்கும். வாயை மூடினாலும் அலகுக்கு நடுவே ஒரு சந்து தெரியும் பறவை அது. நத்தை தின்பதற்கென்றே அமைந்த அலகு. அந்தச் சந்தைப் பிள்ளைகளுக்குப் படமாகக் காட்ட வேண்டும் என்று போனில் எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சேற்றில் சிந்திய சுண்ணாம்பு மாதிரி ஒரு பொட்டுதான் விழுந்தது. நாற்பத்தாறு வயதில் எனக்குக் கேமரா ஆசை வந்தது இப்படித்தான். நகை ஆசை வந்திருந்தால் ஒருவரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

புதிது வாங்கக் கட்டுப்படியாகாது. பழைய டி.எஸ்.எல்.ஆர் ஒன்று, நல்ல லென்ஸோடு கிடைத்தால் போதும் என்று தேடினேன். வீடியோவாகப் பார்த்துப் பார்த்து, பழைய கேமராவில் என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. கடைசியில் கீரமங்கலம் பக்கம் ஒரு டிராயிங் சார் தன்னுடையதை விற்கப்போவதாகத் தெரிந்தது. அவர் புது மாதிரிக் கேமராவுக்கு மாறிவிட்டார். பத்து வருஷத்துப் பழைய மாடல், ஆனால் கைப்பிள்ளை மாதிரி வைத்திருந்தார் என்று எல்லோரும் சொன்னார்கள்.

வீட்டில் சொன்னேன். "ஒன் இஷ்டம்மா" என்றார் இவர். "புடிச்சிருந்தா வாங்கிக்க. எதுக்கும் தம்பிய ஒரு தடவ பாக்கச் சொல்லு. அவனுக்குத் தெரியாததா?"

தம்பி என்றது என் கொழுந்தனை. கீரமங்கலத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். அவனை வெளிநாட்டுக்கு அனுப்பியே தீருவது என்று என் மாமனார் பாஸ்போர்ட் வரைக்கும் எடுத்துவிட்டார். கேமராவைத் தொட்டால் சோறு மறக்கிறவனை ஏன் அனுப்புகிறீர்கள் என்று மல்லுக்கு நின்று அவனை இங்கேயே இருக்க வைத்தவள் நான். அதனால் அவன் மேல் எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவனும் டிராயிங் சார் வீட்டுக்குப் போனோம். என்னுடைய மெமரி கார்டைப் போட்டு, தென்னை மட்டையில் உட்கார்ந்திருந்த ஒரு மைனாவை எடுத்தேன். பின்பக்கத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது அதன் கண்ணைச் சுற்றியிருந்த மஞ்சள் அப்படியே தெரிந்தது. வாங்கிவிடுவது என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

கொழுந்தன் கேமராவை வாங்கி லென்ஸைக் கழற்றினான். பின்னாலிருந்து போன் டார்ச்சை அடித்து என் கண்ணுக்கு நேரே பிடித்தான்.

"இங்கிட்டு வாங்க மதினி. உள்ள பாருங்க, வலை மாதிரி ஓடுதா?"

"தூசி மாதிரிதானே தம்பி இருக்கு?"

"தூசி இல்ல மதினி, பங்கஸ். பூஞ்ச புடிச்சிருச்சு. இன்னும் கொஞ்ச நாள்ல கண்ணாடியவே தின்னுரும். ஒங்க மைனாவ மறுபடி பாருங்க, ஓரமெல்லாம் பொகை அடிச்ச மாதிரி இருக்கும்."

பார்த்தேன். இருந்தது. இதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. அவன் சொன்ன பிறகு எனக்கு அந்த வலை தெரிந்தது, படத்தின் ஓரத்தில் புகையும் தெரிந்தது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் நானே பார்த்து நானே சந்தோஷப்பட்ட மைனா எனக்குக் கலங்கலாகிவிட்டது. டிராயிங் சார் வாயைத் திறக்கவில்லை. தன் பொருளைக் குறை சொன்னால் யாராக இருந்தாலும் நாலு வார்த்தை எதிர்த்துப் பேசுவார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "டீ குடிங்க டீச்சர்" என்றார். உண்மையை ஒத்துக்கொள்கிற மனுஷன், எவ்வளவு பெரிய குணம் என்று மெச்சிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் இவர் எனக்காகப் பரோட்டா வாங்கி வைத்திருந்தார். "போனாப் போகுது, வேற நல்லதாப் பாப்போம்" என்று தேற்றினார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று சொல்வார்கள். எனக்குத் தொட்டில் ஆடியது மட்டும்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் போயிற்று. நாரைகள் வந்தன, போயின. ஆசிரியர் பயிற்சி ஒன்றில் டிராயிங் சாரைப் பார்த்தேன். மதியம் சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். அந்தக் கேமரா என்ன ஆயிற்று என்று சும்மா கேட்டேன்.

"ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு கல்யாண வீடியோக்காரர் வாங்கிட்டுப் போயிட்டாரு டீச்சர். சும்மா கண்ணாடி மாதிரி படம் விழுகுதுன்னு போன வாரம்கூடச் சொன்னாரு."

"பூஞ்சையச் சுத்தம் பண்ணிட்டாங்களா சார்?"

அவர் தட்டோடு திரும்பிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"ஒங்களுக்குத் தெரியும்னுல்ல டீச்சர் நெனச்சேன். மொத நாளே ஒங்க கொழுந்தன் எனக்கு போன் பண்ணிருந்தாப்ல. மதினிக்கு ஆச, அண்ணனுக்கு இஷ்டமில்ல, நான் ஏதாச்சும் சொல்லித் தட்டிக் கழிச்சிர்றேன், தப்பா எடுத்துக்காதீங்கன்னாப்ல. வீட்டு விஷயம், நம்ம எதுக்கு நடுவுலன்னு நான் பேசாம இருந்துட்டேன்."

மறுநாள் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் அந்தக் கார்டைப் போட்டேன். மைனாவை நான் அழிக்காமல் விட்டிருந்தேன். பெரிய திரையில் அதன் இறகு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. ஓரத்தில் புகை இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எந்தப் பழைய லென்ஸிலும் டார்ச் அடித்தால் நாலு தூசி தெரியும் என்பது வீடியோ பார்த்து எனக்கே தெரிந்த விஷயம். தெரிந்திருந்தும் என் கண்ணை விட்டுவிட்டு அவன் வாயை நம்பினேன். ஆம்பிளைகள் மூன்று பேர் சேர்ந்து, வேலிக்கு ஓணான் சாட்சி என்கிற கதையாக, என் கண்ணையே பொய்யாக்கியிருக்கிறார்கள்.

கொழுந்தனுக்குப் போன் போட்டேன். மறைக்கவில்லை. "அண்ணன் சொன்னுச்சு மதினி. நீங்க ஞாயித்துக்கெழம மலையில, கம்மாயில ஒத்தையில நிப்பீங்கன்னு அதுக்குப் பயம். நாலு பேரு ஒரு மாதிரி பேசுவாங்கள்ல? ஒங்க நல்லதுக்குத்தான்."

என் நல்லது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

இவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"கேமரா வேண்டாம்னா என்கிட்ட சொல்லிருக்கலாமே?"

"நான் வேண்டாம்னு சொன்னா நீ சங்கடப்படுவ. அதான்."

"இப்பச் சொல்லுங்க. என் மூஞ்சியப் பாத்து வேண்டாம்னு ஒரு தடவ சொல்லுங்க."

சொல்லவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். அந்த ஒரு வார்த்தையை எனக்குக் கொடுத்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். ஜெயித்திருப்பேனோ தோற்றிருப்பேனோ, என் சண்டையாக இருந்திருக்கும். அதைக்கூட எனக்கு விடவில்லை. இருபது வருஷமாக இவரை நான் தங்கமான மனுஷன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. நடக்காமல் போனதையெல்லாம் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். ஸ்கூட்டி பழகப் போனேன். உங்களுக்கு பேலன்ஸ் வராது மேடம் என்று டிரைவிங் ஸ்கூல்காரர் ஒரு வாரத்தில் அனுப்பிவிட்டார். அவர் இவரோடு படித்தவர். டீச்சர்கள் எல்லாரும் சேர்ந்து மைசூர் போனார்கள், எனக்கு மட்டும் டிக்கெட் கிடைக்கவில்லை. டிக்கெட் போடப் போனவர் இவர். இரண்டும் நிஜமாகவே அப்படித்தான் நடந்திருக்கலாம். எனக்கு பேலன்ஸ் வராமலேகூட இருக்கலாம். ஆனால் இனிமேல் அதைத் தெரிந்துகொள்ள எனக்கு வழி கிடையாது. கேட்டால் இவர் இல்லை என்பார். அந்த இல்லையை நான் எங்கே கொண்டுபோய் உரசிப் பார்ப்பது?

ஒருவரிடமும் சொல்லாமல் திருச்சிக்குப் போய் ஒரு பழைய கேமரா வாங்கி வந்தேன். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த தண்ணீர்க் காலத்தில் கண்மாய்க் கரையில் நின்று நாரையை எடுத்தேன். அலகுச் சந்து தெரிகிற படம் ஒன்று விழுந்தது. அதைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். வகுப்பில் ஒருத்தி, "டீச்சர், நத்தை வாயிலேர்ந்து விழுந்துராதா?" என்று கேட்டாள். அது போதும் எனக்கு.

வீட்டில் அந்தப் படத்தைக் காட்டவில்லை. வேண்டுமென்றே வேறொன்றைக் காட்டினேன். நாரை எழும்பிப் பறந்த பிறகு, கை ஆடி, போகஸ் தவறி விழுந்த படம். பாதித் தண்ணீர், மீதி சாம்பல் நிறத்தில் ஒரு இழுப்பு. பறவை என்று நான் சொன்னால்தான் தெரியும். அன்றைக்கு எடுத்ததில் அதைவிட மோசமான படம் கிடையாது. இது என்ன கண்றாவி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாரா, சொன்னால் இங்கிருந்து மறுபடி ஆரம்பிக்கலாமே என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது.

கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, நன்றாகப் பார்த்தார்.

"பிரமாதமா எடுத்திருக்க" என்றார். "தம்பிகிட்டச் சொல்லி பெருசா பிரிண்ட் போட்டு மாட்டிருவோம்."

கொழுந்தன் பிரேம் போட்டே கொண்டுவந்து கொடுத்தான். எங்கள் ஹாலில் இப்போது அதுதான் தொங்குகிறது.