மோ: புல் அறுக்கும் சொல்

பன்னிரண்டு வருஷமாக அந்தச் சொல்லை நான் தப்பாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். புல் அறுப்பதற்கு இங்கிலீஷில் ‘மோ’. நான் ‘மௌ’ என்பேன். ‘கௌ’, ‘ஹௌ’ எல்லாம் அதே எழுத்துக்கூட்டுதானே என்ற தைரியம்.

சங்கரன்கோவிலில் எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் விளையாட்டு விழாவுக்காக மிஷின் வைத்துப் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலைக் காட்டி மறுபடி ‘மௌ’ என்றேன். வாசுதேவநல்லூரிலிருந்து பஸ்ஸில் வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை எழுந்தாள்.

“டீச்சர், நேத்து அக்கா போன்ல போட்டுப் பாத்தேன். ‘மோ’ன்னுல்லா சொல்லுது?”

முகம் சூடாகிவிட்டது. “பாத்துட்டு வாரேன்” என்று சொல்லி, இடைவேளையில் ஆசிரியர் அறையின் பெரிய அகராதியைப் பிரித்தேன். அவள் சொன்னதுதான் சரி. வெட்கத்தோடு மூடப்போனவள், கீழே இருந்த பொடி எழுத்தையும் படித்தேன். பழைய இங்கிலீஷில் அது ‘மாவன்’. புல்வெளியைக் குறிக்கும் ‘மெடோ’வும் அதே குடும்பம். அதாவது, அறுக்கிற இடம். ‘ஆஃப்டர்மேத்’தில் உள்ள ‘மேத்’துக்கும் அறுப்பு என்றுதான் அர்த்தமாம்! வெள்ளம், சண்டைக்குப் பிந்தைய நிலைமை என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அந்தச் சொல் முதலில் அறுப்புக்குப் பின் மறுபடி முளைத்த புல்லைக் குறித்திருக்கிறது.

மணி அடித்ததும் அதே வகுப்புக்கு ஓடினேன். “நான் சொன்னது தப்பு, இவ சொன்னதுதான் சரி” என்று ஆரம்பித்து, மூச்சுவிடாமல் மீதியையும் கொட்டினேன்.

அந்தப் பிள்ளை பெஞ்சைத் தட்டினாள். “டீச்சர், அது மறுதாம்புல்லா! கரும்ப வெட்டுன பொறவு கட்டையில இருந்து தானா வருமே, எங்க வயல்ல இப்பம் அதான் நிக்கி!”

எனக்குப் புல்லரித்தது. தமிழில் இத்தனை அழகாக ஒரு சொல் இருப்பது எனக்குத் தெரியாமல் போயிருந்தது. கரும்பலகையில் ‘ஆஃப்டர்மேத்’, ‘மறுதாம்பு’ இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் பெரிதாக எழுதினேன். வகுப்பே கத்தியது.

சத்தம் தாங்காமல் பக்கத்து வகுப்புக் கணக்கு சார் வந்துவிட்டார். பலகையைப் பார்த்தவர், “மேத்துன்னா கணக்கு இல்லையா?” என்றார்.

“இல்ல சார், புல்லறுப்பு!” என்று நாற்பது பிள்ளைகளும் சொன்னார்கள். அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தே விட்டார்.