குதிரை ஏறாத ஜெனரல்

எங்கள் பொம்மைப் பட்டறையில் மாடல் செய்துவந்த அந்தோணி அண்ணன் போன செவ்வாய்க்கிழமை காலையில் இறந்துபோனார். நான் பெண்ணாடம் பஸ்ஸில் இருந்தபோது அவர் மகள் ஸ்டெல்லா போன் செய்தாள். "சித்தப்பா, அப்பா போயிட்டாங்க" என்றாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, விருத்தாசலம் வண்டிக்காக வெயிலில் நின்றேன். அவரிடம் நான் ஒருநாளும் கேட்காத ஒரு கதைதான் நினைவில் ஓடியது.

அவரோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும்: பொம்மையின் முதல் உருவத்தைக் களிமண்ணில் பிடிப்பது அவர். அதிலிருந்து அச்செடுத்து, வார்த்து, சூளையில் சுட்டு விற்பது நான். ஜங்ஷனில் பொம்மைக் கூடை தூக்கி ஆரம்பித்தவன். எது சீக்கிரம் விற்கும் என்பதைத் தவிர வேறெதையும் நான் கற்றுக்கொள்ளவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன் என் முதல் வெளிநாட்டு ஆர்டர் சென்னை ஏஜென்ட் ஒருவர் மூலம் வந்தது. பிரஷ்யா என்று முன்பு ஜெர்மனிப் பக்கம் ஒரு ராஜ்யம் இருந்ததாம். அதன் படையில் இருந்த ஒரு ஜெனரலுக்கு அவர் பிறந்த ஊரில் விழா. விற்பதற்குப் பொம்மைகள் வேண்டும். மார்பளவு படம் ஒன்றும், இங்கிலீஷில் நாலு பக்க வாழ்க்கைக் கதையும் அனுப்பியிருந்தார்கள். நான் படத்தை மட்டும் பார்த்தேன்.

"அய்யனார் அச்சுதான் இருக்குதே அண்ணே. மீசையைக் கொஞ்சம் இறக்கி, தலையில ஒரு தொப்பியை வச்சா ஜெனரல் ஆயிடமாட்டாரா?"

"கதையைப் படிச்சீங்களா மொதலாளி?"

"பொம்மைக்கு எதுக்குக் கதை?"

அவர் அந்தத் தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோனார். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் ஸ்டெல்லா அவற்றைத் தமிழில் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தாள். மறுநாள் வந்து, "இதை நான் பிடிக்கிறேன், பத்து நாள் குடுங்க" என்றார். அச்சு தயாராக இருக்கும்போது பத்து நாளா? சத்தம் போட்டேன். கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். நான் பிடிவாதமாக அய்யனார் குதிரையிலேயே ஜெனரலை ஏற்றி மாதிரி அனுப்பினேன்.

ஏஜென்ட் போனில் கத்தினார். "இளவயசுலயே இவருக்கு முழங்காலில் குண்டு பட்டுடுச்சாம். அப்புறம் குதிரை ஏறவே இல்லையாம். சிப்பாய்களோட நடந்தே போனதுக்குத்தான் அந்த ஊருல பேரு. நீங்க குதிரை மேல வச்சிருக்கீங்க! இன்னும் ஒரே ஒரு மாதிரிதான் பார்ப்பாங்க, அதுவும் தப்பா வந்தா ஆர்டர் போயிடும்."

அந்த ஆர்டர் போனால் ஏற்றுமதிக் கதவே எனக்கு மூடிவிடும். நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அய்யனாரு இறங்கிட்டாரா?" என்றார்.

"இறக்கி வுட்டுட்டாங்க" என்றேன்.

சிரித்துவிட்டு, எனக்கும் ஒரு தட்டு வைக்கச் சொன்னார்.

அவர் பிடித்த ஜெனரல் கைத்தடியை ஊன்றி, நல்ல காலில் பாரத்தைப் போட்டு நின்றார். முகத்தில் முறைப்பு இல்லை. கோட்டுப் பையில் ஏதோ புடைத்திருந்தது.

"அது என்னண்ணே?"

"பேரிக்காய்."

"ஆர்டர்ல இல்லையே?"

"நாலாம் பக்கத்துல இருக்குது. முற்றுகை போட்ட ஊருல பொம்பளைங்களும் புள்ளைங்களும் வெளிய போக வழி வுட்டாரு. ராஜா கோவிச்சுக்கிட்டு வூட்டுக்கு அனுப்பிட்டாரு. கடைசி வரைக்கும் பேரி மரம் வளர்த்தாராம். அது இல்லாம எப்பிடி அவரு?"

இரண்டாவது மாதிரியைப் பார்த்ததுமே ஒத்துக்கொண்டார்கள். பேரிக்காய்தான் அவர்களுக்கு ரொம்பப் பிடித்ததாம். இப்போதும் அந்த ஊருக்கு வருஷாவருஷம் பெட்டி போகிறது. அண்ணன் அந்தக் கதையை முழுசாகச் சொல்ல எத்தனையோ தடவை ஆரம்பித்தார். "அப்புறம் கேக்கறேன்ணே" என்றுதான் ஒவ்வொரு தடவையும் எழுந்து போயிருக்கிறேன். அந்த அப்புறம் வரவே இல்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். ஜன்னலில் சூளையிலிருந்து வந்த முதல் ஜெனரல் நின்றார். முழங்காலில் விரிசல் விழுந்ததால் அனுப்பாமல் வைத்தது. "குண்டு பட்ட எடம் சூளைக்கும் தெரிஞ்சிருக்குது" என்று அண்ணன் எடுத்துக்கொண்டது. அவருடையது என்று எனக்கு அது ஒன்று போதும்.

"இதை எனக்குக் குடும்மா. என்ன கேட்டாலும் தரேன்."

ஸ்டெல்லா அந்தப் பழைய நோட்டை எடுத்து என் கையில் வைத்தாள். "நாலு பக்கத்தையும் படிங்க. ஞாயித்துக்கிழமை வந்து, அப்பா சொல்ற மாதிரி, ஒண்ணும் வுடாம எனக்குச் சொல்லுங்க. அப்புறம் தூக்கிட்டுப் போங்க."

"ரெண்டு பக்கமா வச்சுக்கயேம்மா" என்று பேரம் பேசிப் பார்த்தேன்.

அவள் இறங்கிவரவில்லை. நாலு பக்கம், ஞாயிற்றுக்கிழமை, என் வாயால். ஒத்துக்கொண்டேன்.