மாமா மைக்கில் வைத்த பெயர்

என் மாமா வண்டி கழுவும் வாட்டர் வாஷ் கடையில் வேலை செய்கிறார். அம்மாவுக்குத் தம்பி. அத்தையோடு எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறார். பதினோரு வருடமாக ஒரே கடை, ஒரே ரப்பர் பூட்ஸ் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். பூட்ஸ் இரண்டு முறை மாறிவிட்டது. நாள் முழுக்க ஷாம்பூ தண்ணீரிலேயே இருப்பதால் அவருடைய விரல் நுனிகள் வெடித்திருக்கும். சாப்பிடும்போது காரம் பட்டால் கையை உதறுவாரே தவிர ஸ்பூனைத் தொடமாட்டார். வண்டியின் அடியில் ஒட்டிய சேற்றைப் பார்த்தே அது எந்தச் சாலையில் ஓடியது என்று சொல்லிவிடுவார். சிவப்பு என்றால் குவாரிப் பக்கம், கறுப்பு என்றால் ஆற்றோரம்.

ஊரில் அவரைத் தெரியாத வண்டிக்காரர் கிடையாது. அதற்குக் காரணம் அவர் கழுவும் அழகு இல்லை. அவர் வைக்கும் பெயர்கள்.

கடையில் இரண்டு மேடைகள். பம்பு ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. வண்டியை விட்டவர்கள் எதிரே கொட்டகையில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் முதலாளி ஒரு மைக்கும் ஸ்பீக்கரும் வாங்கி வைத்தார். துடைத்து முடித்ததும் வண்டி நம்பரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். மாமா இரண்டு நாள் நம்பர் சொல்லிப் பார்த்தார். பாதிப் பேருக்கு அவரவர் நம்பரே நினைவில்லை. மூன்றாம் நாள், "மூக்கன் ரெடி, வெள்ளை மூக்கன்" என்றார். முன்பக்கம் நீண்டிருக்கும் அந்தக் கம்பெனி வண்டியை வைத்திருந்தவர் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார்.

அதற்குப் பிறகு ஊரில் கம்பெனிப் பெயர்கள் பதிவுத் தாளில் மட்டும்தான் இருந்தன. முகப்பில் வெள்ளிக் கம்பிகள் வரிசை கட்டியிருக்கும் கம்பெனி, பல்லன். சதுர வேன் செய்யும் கம்பெனி, ரொட்டி. உதிரி பாகக் கடையில் போய், "பல்லனுக்கு பிரேக் கட்டை இருக்கா?" என்று பெரிய மனிதர்களே கேட்டார்கள்.

ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் இந்தப் பெயர்கள் செல்லாது. எங்கள் மூக்கன் அந்தக் கரையில் வாத்து. ரொட்டி அங்கே தீப்பெட்டி. மேற்கே மலைப் பக்கம் போனால் அதே ரொட்டியை ஆடு என்கிறார்கள், ஏற்றத்தில் நிற்காமல் ஏறுவதால். பல்லனை அக்கரைக்காரர்கள் சீப்பு என்பதைக் கேட்டு மாமா ரொம்ப நாள் சிரித்தார்.

"சீப்பாம்ல சீப்பு. அவனுங்களுக்கு ரசனையே பத்தாது" என்பார்.

அப்போதுதான் டிரைவரக்கா புது வண்டி வாங்கினார். ஒன்பது வருடம் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். கணவர் இல்லை. பத்தாவது படிக்கும் மகள் மட்டும். சொந்தமாக டாக்ஸி ஓட்ட வேண்டும் என்று, புதிதாக வந்த ஒரு கம்பெனியின் வண்டியை எடுத்தார். எங்கள் ஊரில் அந்தக் கம்பெனி வண்டி அதுதான் முதல். முன்விளக்குகள் இரண்டும் வெளிப்பக்கம் தாழ்ந்து சரிந்திருக்கும். ஒவ்வொன்றின் கீழும் ஒரு கறுப்புக் கோடு.

முதல் வாஷுக்கு வந்த அன்று நானும் கடையில் இருந்தேன். மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். மாமா வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். முன்னால் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். துடைத்து முடித்ததும் மைக்கை எடுத்தார்.

"அழுமூஞ்சி ரெடி. யாருக்கா வீட்ல அழ வச்சு அனுப்பினது? வந்து கூட்டிட்டுப் போங்க."

கொட்டகையே சிரித்தது. ஒரு காய்கறி வியாபாரி தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். டிரைவரக்காவும் சிரித்தார். "உங்க வாயில விழுந்தா எதுவும் உருப்படாது தம்பி" என்று சாவியை வாங்கிக்கொண்டு போனார். நான் அந்தப் பெயரை வீட்டில் சொன்னேன், தெருவில் சொன்னேன், என் வகுப்பில் சொன்னேன். வகுப்பில் நன்றாக எடுபட்டது.

ஒரு மாதத்தில் ஊர் முழுக்க அதுதான் பெயர். மூக்கனும் பல்லனும் வெறும் கேலி. அழுமூஞ்சி கேலியோடு நிற்கவில்லை. கல்யாணத்துக்கு வண்டி பேச வருகிறவர்கள் டாக்ஸி ஸ்டாண்டில் நின்று, "எந்த வண்டி வேணா அனுப்புங்க, அந்த அழுமூஞ்சி மட்டும் வேணாம்" என்றார்கள். வேலை நேர்காணலுக்குப் போகிறவர் வேண்டாம் என்றார். புது வீட்டுக்குப் போகிறவர் வேண்டாம் என்றார். யாரும் சண்டை போடவில்லை, குறை சொல்லவில்லை. சும்மா அடுத்த வண்டியில் ஏறினார்கள். டிரைவரக்காவுக்குக் கிடைத்ததெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போகிற சவாரியும், இறப்பு வீட்டுக்குப் போகிற சவாரியும்தான். "வாங்கின வண்டிக்கு ராசி பாத்து வாங்கியிருக்கலாம்ல" என்று ஸ்டாண்டில் ஒருவர் சொன்னாராம். அவரே மூக்கன் வைத்திருப்பவர்.

மாமா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "எல்லாம் கொஞ்ச நாள்தான். புதுசா வேற வண்டி வந்தா இத மறந்துடுவாங்க" என்றார். ஒருவரும் மறக்கவில்லை.

பம்புக்குத் தண்ணீர் பீய்ச்சும் நாசில் வாங்க ஒருநாள் மாமா அக்கரைக்குப் போனார். திரும்பி வந்தவர் சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. மாடிப்படியில் பூட்ஸைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். என்ன மாமா என்று கேட்டேன்.

"அங்க ஸ்டாண்டுல ஒருத்தன் போன்ல பேசிட்டிருக்கான். 'மான்குட்டி ஒண்ணு அனுப்புங்க, கல்யாணப் பொண்ணு ஏறணும், வேற எதுவும் வேணாம்'னு. என்னடா மான்குட்டின்னு பாத்தா, அதே வண்டி. அதே கம்பெனி. அதே லைட்டு. கண்ணு மான் கண்ணு மாதிரி இருக்காம். அங்க அதுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கணுமாம்."

"யாரு மாமா அந்தப் பேரு வச்சது?"

"கேட்டேன். யாருக்கும் தெரியல. எவனோ ஒரு நல்ல மனுஷன்" என்றார். பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, "நானும் அதே கண்ணைத்தான் பாத்தேன்" என்றார்.

மறு வாரம் டிரைவரக்கா வண்டியைக் கழுவக் கொண்டுவந்தார். மாமா அன்று டயர் இடுக்கைக்கூட பிரஷ் போட்டுத் தேய்த்தார். பிறகு மைக்கில், "மான்குட்டி ரெடி" என்றார்.

கொட்டகையில் யாரும் எழுந்திருக்கவில்லை. டிரைவரக்காவுக்கே அது தன் வண்டி என்று புரியவில்லை. மாமா இன்னொரு முறை சொல்லிக் கையையும் காட்டினார்.

"எந்தக் காட்டுலேர்ந்து வந்துச்சு?" என்றார் காய்கறி வியாபாரி.

"அழுது அழுது இளைச்சுப் போயி மானாயிடுச்சுப்பா" என்றார் இன்னொருவர்.

அடுத்த நாளே ஸ்டாண்டில் அது அழுத மான் ஆகிவிட்டது. மாமா விடாமல் இன்னும் நாலைந்து முறை மைக்கில் மான்குட்டி என்றார். ஒவ்வொரு முறையும் சிரிப்புதான் கூடியது. டிரைவரக்கா அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு வரவில்லை. வீட்டு வாசலில் மகளும் அவரும் வாளி வைத்துக் கழுவுவதை நான் பார்த்தேன்.

இனி எழுதப்போவதில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

அத்தைக்குக் குழந்தை பிறந்தது. இதற்கு முன் ஒரு குழந்தை பிறந்து ஆறு நாளில் தவறிப்போயிருந்தது. அதனால் இந்தப் பத்து மாதமும் வீட்டில் யாரும் சத்தமாகச் சிரிக்கக்கூட இல்லை. பெண் குழந்தை, நல்ல எடை. நாலாம் நாள் காலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாமா, அத்தை, அத்தையின் அம்மா, நான். என் கையில் துணிப் பை.

ஆஸ்பத்திரி வாசல் ஸ்டாண்டில் ஒரு முறை உண்டு. வரிசையில் முதலில் நிற்கும் வண்டிக்குத்தான் முதல் சவாரி. முதலில் நின்றது டிரைவரக்கா வண்டி. எங்களைப் பார்த்ததும் அவர் இறங்கிப் பின் கதவைத் திறந்து, சீட்டின் மேல் ஒரு சுத்தமான துண்டை விரித்தார்.

"பொண்ணா தம்பி? குடுத்து வச்சவரு நீங்க" என்றார்.

அத்தையின் அம்மா நின்றுவிட்டார். "மாப்பிள்ளை, முதமுதலா வீட்டுக்கு வர்ற புள்ள" என்று மெதுவாகச் சொன்னார். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அத்தை மாமாவைப் பார்த்தார். அத்தையின் கண்ணில் பயம் இருந்தது.

நான் சொன்னேன், "பின்னாடி பல்லன் நிக்குது மாமா."

யாரும் என்னிடம் கேட்கவில்லை. இருந்தும் சொன்னேன். மாமா இரண்டாவது வண்டியின் கதவைத் திறந்தார். டிரைவரக்கா துண்டை எடுத்து மடித்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார்.

"பரவால்ல. குழந்தை மேல வெயில் படாம பாத்துக்குங்க. இந்தப் பக்கம் உக்காந்தா மூஞ்சில அடிக்கும்" என்றார். அந்தத் துண்டை ஜன்னலில் தொங்கவிட்டு, கண்ணாடியை ஏற்றச் சொன்னார்.

வீடு வரும் வரை மாமா அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் துண்டைத் துவைத்து, காய்ந்ததும் எடுத்துக்கொண்டு டிரைவரக்கா வீட்டுக்குக் கிளம்பினார். தனியாகப் போகத் தைரியமில்லை, என்னையும் வரச் சொன்னார். ஒற்றை அறை, ஒரு சமையல் மேடை. அறையின் நடுவே அட்டைப் பெட்டிகள் கட்டப்பட்டிருந்தன. மகள் புத்தகங்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் தலை நிமிரவில்லை.

"எங்கக்கா கெளம்பிட்டீங்க?"

"அக்கரைக்குத்தான். அங்க இந்த வண்டிக்குச் சவாரி இருக்காம். இவளுக்குத்தான் நடு வருஷத்துல ஸ்கூல் மாத்தணும். பப்ளிக் பரிட்சை வேற."

மாமா துண்டை நீட்டினார். அவர் வாங்கிப் பெட்டியில் வைத்தார்.

"எல்லாம் என்னாலதான்கா. நான் மைக்லயே எல்லார் முன்னாடியும் சொல்றேன். நான் வச்ச பேரு தப்புன்னு சொல்றேன்."

"வேணாம் தம்பி. அதுக்கும் சிரிப்பாங்க."

"வேற என்னதான் பண்ணட்டும்?"

டிரைவரக்கா பெட்டியை மூடி டேப் ஒட்டினார்.

"நீங்க பேரு வச்சப்ப நானும் சேந்துதான் சிரிச்சேன். அதுல எனக்குக் கோவமே இல்ல. வேடிக்கைக்குச் சொன்னீங்க. ஊருக்காரங்க ஏறல, சரி, அவங்களுக்கு அதுல என்னவோ பயம். ஆனா அது வெறும் விளையாட்டுன்னு உங்களுக்குத் தெரியும்ல. தெரிஞ்சவரே ஏறலியே. நேத்து வீட்டுக்கு வந்துதான் இந்த ஊரு வேணாம்னு முடிவு பண்ணேன்."

மாமா ஒரு பெட்டியைத் தூக்கி வண்டியில் வைக்கக் குனிந்தார். "இருக்கட்டும், நாங்களே பாத்துக்கறோம்" என்று மகள் சொன்னாள். அவள் சொன்ன விதத்தில் மாமா கையை எடுத்துவிட்டார். நாங்கள் வெளியே வந்தோம். பாதி வழியில் மாமா சொன்னார், "நீ சொன்னதுக்காக நான் அந்தக் கதவைத் திறக்கல பாப்பா. நீ மனசுல வச்சுக்காத." அவர் அப்படிச் சொன்னதால்தான் அது என் மனதில் நன்றாகத் தங்கிவிட்டது.

இப்போதும் மாமா அதே கடையில்தான் இருக்கிறார். நம்பர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். "என்னப்பா, சரக்கு தீந்துபோச்சா?" என்று கொட்டகையில் கேட்கிறார்கள். அவர் வைத்த பழைய பெயர்களை அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். ஊரில் அந்தக் கம்பெனி வண்டியை வேறு யாரும் இதுவரை வாங்கவில்லை. குழந்தைக்கு ஐந்து மாதம். நன்றாகக் குப்புற விழுகிறாள். வீட்டில் அவளுக்கு ஆளுக்கொரு செல்லப் பெயர் வைத்துவிட்டோம். மாமா மட்டும் முழுப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.

பள்ளி முடித்த எனக்கு வீட்டில் இருப்பு கொள்ளவில்லை. ஒரு துணிக்கடையில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போன மாதம் அக்கரைக்குப் போனேன். சிக்னலில் டிரைவரக்கா வண்டி நின்றது. பின் சீட்டில் பட்டுச் சேலையில் ஒரு பெண், மடியில் பூ. டிரைவரக்கா என்னைப் பார்த்துக் கண்ணாடியை இறக்கினார். குழந்தை எப்படி இருக்கிறாள், பால் நன்றாகக் குடிக்கிறாளா, அத்தைக்கு உடம்பு தேவலையா என்று கேட்டார். மகள் எழுபத்தெட்டு சதவீதம் வாங்கியதாகச் சொன்னார். தொண்ணூறுக்கு மேல் வாங்குவாள் என்று அவளுடைய பழைய டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். விளக்கு மாறியது, போய்விட்டார். மாமாவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் மாமாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "என்னைப் பத்திக் கேட்டாங்களா?" என்றார்.

"கேட்டாங்க மாமா."

"என்ன கேட்டாங்க?"

"கை வெடிப்பு எப்படி இருக்குன்னு."

மாமா தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்படியா கேட்டாங்க" என்றார். அன்றைக்குத்தான், ரொம்ப நாளைக்குப் பிறகு, அத்தை சொல்லாமலே தேங்காய் எண்ணெய் எடுத்துத் தடவிக்கொண்டார். உண்மையை எப்போது சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் படிக்கிற ஆள் இல்லை. யாராவது படித்துக் காட்டினால்தான் இது அவருக்குத் தெரியும்.